ஆட்டோமேட்டிக் காரில் 4 கியரா, 6 கியரா, 8 கியரா? பாளையிலிருந்து ஒரு கேள்வி

பாளை_டீச்சர் (வெள்ளி, காலை 6.40)

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இனி கிளட்ச் மிதித்தால் இடது முழங்கால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் எடுக்கலாம் என்று இருக்கிறேன்.

சென்னையில் இருக்கும் கொழுந்தனார், "அண்ணி, எட்டு கியருக்குக் குறைஞ்சு எடுக்காதீங்க, அதெல்லாம் பழசு" என்கிறார். இங்கே நாலு ஷோரூம் ஏறி இறங்கினேன். ஒருவர் 5 கியர் என்றார், இன்னொருவர் 6, அடுத்தவர் 7. நாலாவது பையன், "கியரே கிடையாது மேடம், ஆனா 7 இருக்கிற மாதிரி காட்டும்" என்றான். கணக்கு டீச்சரிடம் இப்படிச் சொன்னால் ராத்திரி தூக்கம் வருமா?

என் ஓட்டம் இவ்வளவுதான்: தினமும் சமாதானபுரம், மார்க்கெட். மாதம் இரண்டு முறை நாகர்கோவிலில் மகள் வீடு. எப்போதாவது பாபநாசம், சீசனுக்குக் குற்றாலம். எத்தனை கியர் இருந்தால் எனக்குப் போதும்?

டவுன்_பொடியன் (வெள்ளி, காலை 7.15)

டீச்சர், உங்க கொழுந்தனார் சொன்னது சரி. கியர் கூடக்கூட மைலேஜ் கூடும், பிக்கப் கூடும், சத்தம் குறையும். வெளிநாட்டில் 10 கியர் வந்தாச்சு. நாம இன்னும் 4, 5 என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பட்ஜெட் இடித்தால் 7. அதற்குக் கீழே இறங்காதீங்க.

வண்ணார்பேட்டை_ஒர்க்‌ஷாப் (வெள்ளி, காலை 9.50)

தம்பி பொடியன், டீச்சரின் முழங்காலுக்கும் உன் பிக்கப்புக்கும் என்ன சம்பந்தம்?

டீச்சர், எத்தனை கியர் என்பது இரண்டாவது கேள்வி. என்ன மாதிரி பெட்டி என்பதுதான் முதல் கேள்வி. உங்களுக்கு நாலு ஷோரூமில் சொன்னதும் நாலு வேறு சாதனங்கள்.

அந்த 5 கியர் அநேகமாக ஏ.எம்.டி. சாதாரண மேனுவல் பெட்டிதான், கிளட்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் உங்களுக்குப் பதில் ஒரு மோட்டார். இந்தியாவில் 2014இல் செலேரியோவில் வந்த பிறகு பரவியது. 6 என்றவர் டார்க் கன்வெர்ட்டரைச் சொல்லியிருப்பார். அதில் என்ஜினுக்கும் பெட்டிக்கும் நடுவே உராயும் கிளட்ச் இல்லை, எண்ணெயே சக்தியைக் கடத்தும். 7 என்றால் இரட்டைக் கிளட்ச், டி.சி.டி.; ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. கியரே இல்லை என்று சொன்ன பையன் பொய் சொல்லவில்லை, அது சி.வி.டி.

ஒரே காரில் இரண்டும் வருவதைப் பாருங்கள். ஸ்கோடா குஷாக்கில் 1 லிட்டர் என்ஜினுக்கு 6 கியர் டார்க் கன்வெர்ட்டர், 1.5 லிட்டருக்கு 7 கியர் இரட்டைக் கிளட்ச் கொடுத்தார்கள். க்ரெட்டாவிலோ 1.5 லிட்டர் பெட்ரோலுக்கு சி.வி.டி., டீசலுக்கு 6 கியர் கன்வெர்ட்டர், டர்போ பெட்ரோலுக்கு 7 கியர் இரட்டைக் கிளட்ச். என்ஜினுக்குத் தோதாக வைப்பார்கள். 7 வைத்ததால் அது உசத்தி, 6 மட்டம் என்று கிடையாது.

அம்பை_வங்கி (வெள்ளி, மதியம் 1.20)

டீச்சர், நான் தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கிளைக்கு ஏ.எம்.டி. வண்டியில் போய் வருகிறேன். 5 கியர். ஊருக்கு வெளியே ஒரு குறையும் இல்லை. மைலேஜ் மேனுவல் மாதிரியே வரும்.

ஆனால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் தலை ஒரு தரம் முன்னால் போய் வரும். என் மாமியார் பின்சீட்டில் உட்கார்ந்தால், "ஏட்டி, வண்டி எதுக்கு எல்லாத்துக்கும் ஆமா போடுது?" என்பார். ஒரு நாள் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். அன்று கிளட்ச் வாசனை வந்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், பிரேக்கில் நிறுத்தாமல் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தே வண்டியைப் பிடித்து வைத்திருந்தேன். உங்களுக்கும் அந்தக் கேட் அடிக்கடி குறுக்கே வரும் என்றால் யோசியுங்கள்.

புளியரை_லோடு (வெள்ளி, இரவு 10.05)

நான் லாரிக்காரன். கார் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை உண்டா தெரியாது, கியர் பற்றிப் பேசலாம்.

செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில் முழு லோடோடு ஏறும்போது கியரின் அருமை தெரியும். டிப்பரில் 9 கியர் பெட்டி வரும். லாரிக்கு எதற்கு அத்தனை? லோடு ஏற்றினால் ஒரு எடை, காலியாகத் திரும்பினால் மூன்றில் ஒரு பங்கு. டீசல் என்ஜின் நன்றாக இழுப்பது ஒரு சின்ன எல்லைக்குள்தான். மேட்டில் அந்த எல்லையை விட்டு ஒரு தரம் கீழே விழுந்தால் வண்டி நின்றுவிடும், பின்னால் மலையாளத்தில் வசவு வரும். அதனால் நெருக்கமான படிகள் வேண்டும்.

டீச்சர் வண்டியில் என்ன லோடு? ஒரு பேத்தி, ஒரு பை தக்காளி. 9 எதுக்கு?

டவுன்_பொடியன் (வெள்ளி, இரவு 10.30)

அண்ணாச்சி, அப்போ பென்ஸ், பிஎம்டபிள்யூ எல்லாம் எம்-சாண்ட் ஏற்றுதா? அவங்க ஏன் 8, 9 வைக்கிறாங்க?

டெட்ராய்ட்_நெல்லை (சனி, காலை 8.10)

நல்ல கேள்வி. நான் வீரவநல்லூர். இங்கே மிச்சிகனில் பல வருஷமாகக் கியர் பெட்டிகளோடுதான் குடித்தனம். எண்ணிக்கையின் கதை நேர்கோட்டில் ஏறிய கதை இல்லை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1939இல் அறிவித்து 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் கொடுத்த ஹைட்ராமேட்டிக்தான் பெருமளவில் உற்பத்தியான முதல் முழு ஆட்டோமேட்டிக். அதில் முன்னோக்கி எத்தனை கியர்? நான்கு. இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளில்கூட அதைப் பொருத்தினார்கள்.

அதற்குப் பிறகு எண்ணிக்கை குறைந்தது! 1948இல் ப்யூக்கின் டைனாஃப்ளோ வந்தது. சாதாரண ஓட்டத்தில் அது கியரே மாற்றாது, எல்லாவற்றையும் டார்க் கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்ளும். 1950இல் ஷெவர்லேயின் பவர்கிளைட், வெறும் 2 கியர். அந்த 2 கியர் பெட்டி 1973 வரை விற்றது. கிறைஸ்லர் 1956இல் 3 கியர் டார்க்ஃப்ளைட் கொண்டுவந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் 1964இல் ஒரு புதுப் பெட்டியை 3 கியரோடுதான் இறக்கியது.

ஏன் குறைத்தார்கள் என்றால், கன்வெர்ட்டர் வண்டி கிளம்பும் நேரத்தில் என்ஜினின் முறுக்குவிசையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும். அதுவே ஒரு கூடுதல் கியர் மாதிரி. என்ஜின் பெரிது, பெட்ரோல் மலிவு, மாற்றம் குறைந்தால் குலுக்கலும் குறைவு. எண்ணெய் சூடாகி வீணாகும் சக்தியைப் பற்றி அன்று யாருக்கும் கவலை இல்லை.

1973இல் எண்ணெய் நெருக்கடி. 1975இல் அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனச் சட்டம். அதன் பிறகுதான் ஓவர்டிரைவ் என்ற நாலாவது கியர், அதாவது என்ஜினைவிட வேகமாக வெளியே சுற்றும் கியர், பரவியது. கன்வெர்ட்டரை ஓட்டத்தில் இறுக்கிப் பூட்டும் லாக்கப் கிளட்சும் சாதாரணமானது. அப்புறம் போட்டிதான்: 2001இல் இசட்.எஃப். நிறுவனத்தின் 6 கியர் பிஎம்டபிள்யூவில், 2003இல் மெர்சிடிஸ் 7, 2006இல் லெக்ஸஸ் 8, 2013இல் 9, 2017இல் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து செய்த 10. இந்தியாவிலும் 2017-18 முதல் நிறுவன வாரியாகச் சராசரிப் புகை அளவு விதி உண்டு. 2022-23இல் அதை இறுக்கினார்கள். 2022இல் எர்டிகாவிலும் ப்ரெஸ்ஸாவிலும் 4 கியர் போய் 6 வந்தது.

பொடியன் தம்பி, மேலே ஏறியது உன் பிக்கப்புக்காக மட்டும் இல்லை. சோதனைச்சாலையில் ஒரு லிட்டருக்கு ஓடும் தூரத்தைக் கொஞ்சம் கூட்டிக் காட்டவும்தான்.

சாரல்72 (சனி, காலை 9.00)

அண்ணாச்சி, 2 கியர் காரா! நம்ம ஊர் மொபெட்டுக்கே சவால் விடும்போல.

டெட்ராய்ட்_நெல்லை (சனி, காலை 9.25)

முதல் கியர் 1.82, இரண்டாவது 1.00. அவ்வளவுதான்.

டீச்சர் கணக்குக்காரர் என்பதால் எண்களாகவே தருகிறேன். விகிதம் 3.06 என்றால் என்ஜின் பக்கம் 3.06 சுற்று சுற்றினால் வெளியே 1 சுற்று. இந்த நாலும் பொதுவெளியில் இருக்கும் பெட்டிகள்தான்.

ஜெனரல் மோட்டார்ஸின் 1982ஆம் வருஷத்து 4 கியர்: 3.06, 1.63, 1.00, 0.70.
இசட்.எஃப். 6 கியர்: 4.171, 2.340, 1.521, 1.143, 0.867, 0.691.
இசட்.எஃப். 8 கியர், 2009: 4.714, 3.143, 2.106, 1.667, 1.285, 1.000, 0.839, 0.667.
ஃபோர்டின் 10 கியரில் முதலாவது 4.696, பத்தாவது 0.636.

ஒரு வெள்ளைத்தாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாளை_டீச்சர் (சனி, பகல் 12.10)

சாம்பாரை அடுப்பில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன், அடிப்பிடித்துவிட்டது. பரவாயில்லை.

முதலில், முதல் கியரைக் கடைசிக் கியரால் வகுத்தேன். 4 கியருக்கு 4.37, 6 கியருக்கு 6.04, 8 கியருக்கு 7.07, 10 கியருக்கு 7.38. அதாவது நாலிலிருந்து ஆறுக்குப் போனதில் வீச்சு 1.67 கூடியது. ஆறிலிருந்து எட்டுக்கு 1.03. எட்டிலிருந்து பத்துக்கு வெறும் 0.31. கடைசி இரண்டு கியருக்கும் கிடைத்த கூலி இவ்வளவுதானா?

அடுத்து, ஒவ்வொரு கியரையும் அதன் அடுத்த கியரால் வகுத்தேன். எல்லாம் ஒரே எண்ணாக வந்து பெருக்குத் தொடராக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. 4 கியரில் 1.88, 1.63, 1.43. 6 கியரில் 1.78, 1.54, 1.33, 1.32, 1.25. பொது விகிதமே இறங்கிக்கொண்டு போகிறது. சரி, அதிலும் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று நினைத்தேன். 8 கியருக்கு வந்தால் 1.50, 1.49, 1.26, 1.30, 1.29, 1.19, 1.26. இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி ஏறுகிறது! பத்தாம் வகுப்புப் பையன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். பெரிய கம்பெனி ஏன் இப்படிச் செய்கிறது?

டெட்ராய்ட்_நெல்லை (சனி, மாலை 6.30)

டீச்சர், எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள்.

படிகள் இறங்குவது வேண்டுமென்றே செய்வது. கீழ் கியரில் வண்டிக்குச் சக்தி மிச்சம் இருக்கிறது, பெரிய தாவல் தாங்கும். வேகம் ஏற ஏறக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும், மிச்சம் சுருங்கிவிடும். அங்கே தாவல் பெரிதாக இருந்தால் அடுத்த கியர் இழுக்காது. உங்கள் 1.88க்கு அர்த்தம், என்ஜின் 3000 சுற்றில் இருக்கும்போது கியர் மாறினால் 1600க்கு விழும். 1.50 என்றால் 2000க்குத்தான் விழும். காதுக்கும் உடம்புக்கும் அந்த வித்தியாசம் தெரியும். எண்ணிக்கை கூடுவதால் ஓட்டுகிறவருக்குக் கிடைக்கும் உண்மையான லாபம் இதுதான்.

8இன் ஒழுங்கின்மைக்குக் காரணம், விகிதத்தை நாங்கள் விரும்பியபடி தேர்ந்தெடுக்க முடியாது. மேனுவல் பெட்டியில் ஒவ்வொரு கியருக்கும் தனி ஜோடிப் பற்சக்கரம் உண்டு, ஒன்றை மாற்றினால் மற்றது அசையாது. இதில் நாலே நாலு கோள் கியர்த் தொகுதி, ஐந்தே ஐந்து கிளட்சும் பிரேக்கும் (காலால் மிதிப்பவை அல்ல, பெட்டிக்குள்ளேயே பாகங்களைப் பூட்டுபவை). அவற்றை வேறு வேறு விதமாகப் பூட்டித்தான் எட்டும் ரிவர்ஸும் வரவேண்டும். ஒரு விகிதத்தைச் சரிசெய்தால் இன்னொன்று இடம் பெயரும். பந்தியில் ஒருவரைத் தள்ளி உட்காரச் சொன்ன கதைதான்.

இன்னொன்று. அந்த 6 கியர் பெட்டியிலும் அதே ஐந்து கிளட்ச், பிரேக்தான். கியருக்கு இரண்டு பூட்டியிருக்கும், மூன்று திறந்து கிடக்கும். திறந்து கிடப்பவை எண்ணெயில் சும்மா உரசி சக்தியைத் தின்னும். 8இல் மூன்றைப் பூட்டி இரண்டை மட்டும் திறந்து வைத்தார்கள். மைலேஜ் கூடியதில் இதற்கும் பங்கு உண்டு. விளம்பரத்தில் "8" மட்டும்தான் வரும், இது வராது.

டவுன்_பொடியன் (சனி, மாலை 6.50)

கோள் கியர்னா?

காத்தாடி_டெக்னீசியன் (சனி, இரவு 8.45)

இதற்கு நான் வரலாம். காவல்கிணறு பக்கம் காத்தாடியில் வேலை. காற்றாலை என்று எழுதுவார்கள், எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மேலே பெட்டிக்குள் இருப்பதும் இதே கோள் கியர்தான்.

நடுவில் ஒரு சக்கரம், அது சூரியன். சுற்றி மூன்று சின்னச் சக்கரங்கள், கோள்கள். மூன்றையும் ஒரு தாங்கி பிடித்திருக்கும். வெளியே உள்பக்கம் பல் வெட்டிய பெரிய வளையம். சூரியன், தாங்கி, வளையம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தினால் மற்ற இரண்டுக்கும் நடுவே ஒரு விகிதம் வரும். வேறொன்றைப் பிடித்தால் வேறு விகிதம். சூரியனுக்கு 30 பல், வளையத்துக்கு 60 பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வளையத்தை நிறுத்திச் சூரியனைச் சுற்றினால் தாங்கி 3இல் 1 பங்கு வேகத்தில் வரும். அது முதல் கியர். தாங்கியை நிறுத்தினால் வளையம் எதிர்த் திசையில் சுற்றும். அது ரிவர்ஸ். இரண்டைச் சேர்த்துப் பூட்டினால் மொத்தமும் ஒன்றாகச் சுற்றும், 1க்கு 1. சூரியனை நிறுத்தித் தாங்கியைச் சுற்றினால் வளையம் ஒன்றரை மடங்கு வேகம், ஓவர்டிரைவ். ஒரு சக்கரத்தையும் நகர்த்தி மாட்டத் தேவை இல்லை, எப்போதும் எல்லாப் பல்லும் கடித்தபடியே இருக்கும்.

காத்தாடியில் நாங்கள் இதைத் திருப்பி ஓட்டுகிறோம். இறக்கை நிமிஷத்துக்கு 20 சுற்று, ஜெனரேட்டருக்கு 1500 வேண்டும். கோள் கியரும் அதன் பின்னால் சாதாரணப் பற்சக்கரங்களுமாக 75 மடங்கு ஏற்றுகிறோம்.

பாளை_டீச்சர் (சனி, இரவு 9.10)

1 + (60 ÷ 30) = 3. புரிந்தது. தாங்கியும் சேர்ந்து சுற்றுவதால் அந்த 1 வருகிறது, இல்லையா?

காத்தாடி_டெக்னீசியன் (சனி, இரவு 9.14)

ஆமாம் டீச்சர். எனக்கு இதைப் புரிந்துகொள்ள பாலிடெக்னிக்கில் ஒரு செமஸ்டர் ஆனது.

சாரல்72 (ஞாயிறு, காலை 7.30)

இழை திசை மாறினாலும் ஒன்று சொல்ல வேண்டும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது பார்த்திருக்கிறீர்களா? வடத்தை ஆயிரம் பேர் இழுத்தாலும் அசையாது. பின்னால் சக்கரத்துக்கு அடியில் தடி போட்டு நெம்புவார்கள். அசைந்த பிறகு தடிக்கு வேலை இல்லை, வடம் போதும். அந்தத் தடிதான் முதல் கியர்.

புளியரை_லோடு (ஞாயிறு, காலை 8.00)

சன்னக்கட்டை போடுகிறவர்தான் பிரேக். அவர் இல்லாவிட்டால் ரத வீதி முக்கில் கடைக்குள் போய்விடும்.

டவுன்_பொடியன் (ஞாயிறு, காலை 8.20)

அன்றைக்கு டவுனுக்குள் காரை எடுத்தால் எத்தனை கியர் இருந்தும் புண்ணியம் இல்லை.

மட்டுறுத்துநர் (ஞாயிறு, காலை 8.40)

தேருக்குத் தனி இழை இருக்கிறது. அல்வா பேச்சு வருவதற்குள் காருக்குத் திரும்பிவிடுவோம்.

அம்பை_வங்கி (ஞாயிறு, காலை 10.15)

அந்தக் "கியரே இல்லாத" பையனைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சி.வி.டி.யில் 7 காட்டும் என்பது என்ன கணக்கு?

வண்ணார்பேட்டை_ஒர்க்‌ஷாப் (ஞாயிறு, பகல் 11.30)

உங்கள் வீட்டு ஸ்கூட்டருக்கு எத்தனை கியர் மேடம்? யாராவது கேட்டதுண்டா? அதுவும் சி.வி.டி.தான். இரண்டு புல்லி, நடுவே ஒரு பெல்ட். ஒரு புல்லி அகன்றால் மற்றது குறுகும், விகிதம் வழுக்கிக்கொண்டே போகும். 1958இல் டச்சுக்காரர்கள் டாஃப் என்ற காரில் ரப்பர் பெல்ட்டோடு இதை அறிமுகம் செய்தார்கள். அந்தக் கார் முன்னால் போகும் அதே வேகத்தில் பின்னாலும் போகும்! இப்போது காருக்கு இரும்புத் துண்டுகள் கோத்த பெல்ட்.

படி இல்லாததால், ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் என்ஜின் சத்தம் முதலில் ஏறும், வண்டி அப்புறம் வரும். ரப்பரை இழுத்து விட்டது போல இருக்கிறது என்று பலருக்குப் பிடிக்காது. அதனால் கம்ப்யூட்டரே இடையிடையே நிறுத்தி நிறுத்தி விகிதத்தை மாற்றி, 7 கியர் இருப்பதாகப் பாவனை செய்யும். இல்லாத கியரை எண்ணி விற்கிற காலம். மற்றபடி மெதுவாக ஓட்டுகிறவருக்கு ஊருக்குள் இதைவிட வழவழப்பானது கிடையாது.

இனோவா ஹைகிராஸ் ஹைபிரிடில் இ-சி.வி.டி. என்று போட்டிருப்பார்கள். பேர்தான் அது, பெல்ட் இல்லை. காத்தாடி தம்பி சொன்ன கோள் கியரும் இரண்டு மோட்டாரும்.

டவுன்_பொடியன் (ஞாயிறு, பகல் 11.45)

எலெக்ட்ரிக்?

டெட்ராய்ட்_நெல்லை (ஞாயிறு, இரவு 7.00)

பெரும்பாலும் ஒன்றே ஒன்று. மோட்டார் நின்ற நிலையிலேயே முழு முறுக்கும் கொடுக்கும், நிமிஷத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் போகும். போர்ஷே டைக்கான் பின்னச்சில் 2 வைத்தது, அது விதிவிலக்கு. எண்ணிக்கைதான் தரம் என்றால் எலெக்ட்ரிக் கார் பவர்கிளைட்டுக்கும் கீழே போய்விடும் தம்பி.

டவுன்_பொடியன் (ஞாயிறு, இரவு 7.20)

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 8 கியரில் ஒரு கெத்து இருக்கு.

வண்ணார்பேட்டை_ஒர்க்‌ஷாப் (ஞாயிறு, இரவு 8.30)

அதை நான் மறுக்கவில்லை. இழுக்கிற என்ஜின் இருந்தால் அது நல்ல பெட்டி. டீச்சர் பார்க்கிற விலைக்கு அது வராது.

டீச்சர், டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம்காரர் காலியான பைபாஸில் கூட்டிப்போவார். ஒத்துக்கொள்ளாதீர்கள். காலை ஒன்பதரைக்கு வண்ணார்பேட்டையிலிருந்து ஜங்ஷன் வரை ஊர்ந்து பாருங்கள். பிரேக்கை விட்டதும் தானாக நகர்கிறதா, முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே குத்துகிறதா என்று முழங்காலே சொல்லிவிடும். ஒரு மேட்டில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, பின்னால் உருளுகிறதா என்று பாருங்கள். உலர் வகை இரட்டைக் கிளட்ச் என்றால் இந்த ஊர்தலில்தான் சூடாகும். எண்ணெயில் ஊறிய வகைக்கு அந்தப் பயம் குறைவு. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கையால் கியரைப் பிடித்து வைக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். காரையாரிலிருந்து பாபநாசம் இறங்கும்போது டி-யிலேயே (தானாக கியர் மாறும் டிரைவ் நிலை) விட்டுவிட்டால் பெட்டி மேல் கியருக்குப் போய், பிரேக்கைக் கொதிக்க வைத்துவிடும். மலையில் நான் 6 கியரில் இரண்டு அல்லது மூன்றைத்தான் பயன்படுத்துவேன்.

"ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். யாருடைய ஆயுசு என்று அவர் சொல்ல மாட்டார்.

பாளை_டீச்சர் (28 நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.15)

வண்டி வந்துவிட்டது. 6 கியர், டார்க் கன்வெர்ட்டர். எந்தக் கார் என்று சொன்னால் இழை அந்தப் பக்கம் ஓடிவிடும், அதனால் சொல்லவில்லை. சி.வி.டி.க்கும் இதற்கும் கடைசி வரை ஊசலாட்டம்தான். பெல்ட் வண்டி ஊருக்குள் உண்மையிலேயே வழவழப்பு. ஆனால் ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி சொன்ன மேட்டில், கியர் கீழே விழுவது காலுக்குத் தெரிவது எனக்குப் பிடித்திருந்தது. 40 வருஷம் மேனுவல் ஓட்டிய பழக்கம். ஷோரூம் பையனிடம் கியர் விகிதம் கேட்டேன். "சிக்ஸ் மேடம்" என்றான். அது எண்ணிக்கை, விகிதம் என்ன என்றேன். மேனேஜரைக் கூட்டி வந்தான். அவரும் சிக்ஸ் என்றார்.

கொழுந்தனார் போனில், "ஆறுதானா அண்ணி?" என்றார். 7.07க்கும் 6.04க்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல ஆரம்பித்தேன், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டார்.

இன்று நாகர்கோவில் போய் வந்தேன். நாங்குநேரி, வள்ளியூர் வரை 6இல் அமைதியாகப் போனது. பழைய வண்டியில் 100இல் கத்துகிற சத்தம் இதில் இல்லை. காவல்கிணற்றில் மேற்கே திரும்பியதும் எதிர்க்காற்று. முப்பந்தல் தாண்டும் வரை ஒரு வேடிக்கை: 6இலிருந்து 5க்கு விழும், கொஞ்சம் வேகம் பிடித்ததும் 6க்கு ஏறும், இழுக்க முடியாமல் மறுபடி 5. ஐந்தாறு தரம் இப்படி. கோளாறோ என்று பயந்தேன். அப்புறம் கையால் 5இல் பிடித்து வைத்தேன், ஆரல்வாய்மொழி வரை ஒழுங்காகப் போனது. இது சரிதானா?

வண்ணார்பேட்டை_ஒர்க்‌ஷாப் (ஞாயிறு, இரவு 8.40)

சரியேதான். கோளாறு இல்லை. 5க்கும் 6க்கும் நடுவில் விழுகிற காற்று. 8 கியர் வண்டி என்றால் 7க்கும் 8க்கும் நடுவே இதையே செய்திருக்கும்.

காத்தாடி_டெக்னீசியன் (ஞாயிறு, இரவு 9.30)

டீச்சர், எங்கள் பழைய மெஷின் ஒன்றில் ஜெனரேட்டருக்கே இரண்டு வேகம் உண்டு. காற்று குறைந்தால் 1000 சுற்று, நன்றாக அடித்தால் 1500. நடுத்தரக் காற்றில் இரண்டுக்கும் நடுவே மாறி மாறி விழக்கூடாது என்று, மாறுவதற்கு முன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லி அமைத்திருப்பார்கள். நீங்கள் 5இல் பிடித்து வைத்ததும் அதே வேலைதான்.

எத்தனை மணிக்குக் கடந்தீர்கள்? பதினொன்றரையா? அப்போது நான் மேலே நாசெல்லில், அதாவது காத்தாடி உச்சியில் இருக்கும் பெட்டியில் இருந்தேன். வெள்ளை நிறச் சின்ன வண்டி ஒன்று லாரிக்குப் பின்னால் ரொம்ப ஒழுங்காகப் போனது.

பாளை_டீச்சர் (ஞாயிறு, இரவு 9.36)

என் வண்டி சிவப்பு.